வேப்பிலைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்

மேகமலையில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. தோட்டத்துக்கு நடுவே நாலு அறை கொண்ட ஓட்டு வீடு ஒன்று. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியே போன பிறகு, அந்த வீட்டை விருந்தாளிகள் தங்கும் இடமாக மாற்றலாம் என்றார் என் வீட்டுக்காரர். “சின்னமனூரில் நம் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களையே நான் விரட்டுகிறேன், மலைக்கு வருகிறவர்களை உபசரிப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவருக்கு என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற வியாதி உண்டு.

விடுதி நன்றாகவே நடந்தது. அதற்குக் காரணம் அவரும் இல்லை, நானும் இல்லை. பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து சமைக்க வந்தவள்தான் காரணம். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவள். அவள் புருஷன் எங்கள் ஜீப்பை ஓட்டினார். சின்னமனூரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வருவார். மேலே வந்து சேர்கிறவர்கள் பாதி உயிராக வருவார்கள். அவள் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியைக் கொடுத்து மீதி உயிரைத் திருப்பித் தருவாள். வந்தவர்கள் போகும்போது மலையைப் பற்றிப் பேசியதைவிட அவள் வைத்த நாட்டுக்கோழிக் குழம்பைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அப்புறம் கொரோனா வந்தது. கீழே அடிவாரச் சோதனைச் சாவடியில் பாதையை அடைத்தார்கள். மலை தீவாகிவிட்டது, சுற்றிலும் தண்ணீருக்குப் பதில் காடு. முதல் அலையும் போனது, இரண்டாவது அலையும் வந்து பள்ளத்தாக்கை ஆட்டியது. கம்பத்திலும் தேனியிலும் தெரிந்தவர்கள் வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒரு செய்தி. லைன் வீடுகளில் மட்டும் ஒரு தும்மல் இல்லை. பயந்துபோய் நாங்களும் மேலேயே வந்து இருந்துகொண்டோம். காலையில் பனி, மதியம் வெயில், சாயங்காலம் மறுபடியும் பனி. சொன்னால் அடிப்பீர்கள், எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. விருந்தாளியே இல்லாத விடுதியைப் போல நிம்மதி வேறு இல்லை.

இரண்டாவது அலை அடங்கியதும் சுற்றுலாவுக்குத் திறக்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. எங்களுக்கும் திறந்தாக வேண்டியிருந்தது. ஜீப் ஓட்டுகிறவர்கள், டீக்கடைக்காரர், எங்கள் சமையல்காரி என எல்லோரும் விருந்தாளிகளை நம்பிப் பிழைக்கிறவர்கள். என் வீட்டுக்காரர் உற்சாகமாகக் கிருமிநாசினி, முகக்கவசம், நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி எல்லாம் வாங்கி வந்தார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. லைன் வீட்டுக்காரர்கள் கூடி வந்து எங்கள் முற்றத்தில் நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கங்காணி, தேயிலை பறிக்கிறவர்களுக்கு மேற்பார்வை பார்ப்பவர்.

“சர்க்காரு தெறக்கச் சொல்லிட்டாக, சரி. வாறவுக ரெண்டு நாளு ஏரியப் பாத்துட்டு, இருமிட்டுப் போயிருவாக. இங்கன யாருக்காச்சும் மூச்சு முட்டுச்சுன்னா கீழ எறக்கிக் கொண்டுபோய்ச் சேக்குறது யாரு?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அப்போது சமையல்காரி முன்னால் வந்து, என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அக்கா, எம் மக வந்துருக்காள்ல. தலப்பிரசவம். கலியாணமாகி எத்தன வருசம் கழிச்சுத் தங்கியிருக்கு, ஒங்களுக்கே தெரியும். நான் இங்கன ஆக்கிப் போட்டுட்டுப் பொழுது சாயவும் அவகிட்டதான் போகணும். ஒரு மூச்சுக் காத்துல கொண்டுபோய்க் குடுத்துட்டேன்னா நான் என்னக்கா செய்வேன்?”

அவள் மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஊரில் நோய் மிகுந்திருந்ததால் வளைகாப்பைக்கூட அவசர அவசரமாக முடித்து அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மருமகன் பனியன் கம்பெனியை விட்டு வர முடியாமல் அங்கேயே இருந்தார். இதற்கு முன்னால் இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தால் எனக்கே பயம் வரும். வேலையை விட்டுவிடு என்று சமையல்காரியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அவள் இல்லாமல் விடுதியும் இல்லை.

வழி சொன்னது கங்காணிதான். “மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டுனா என்ன செய்றோம்? உள்ளூரு ஆளு வெளிய ராத்தங்கக் கூடாது. வெளியூரு ஆளு உள்ள ராத்தங்கக் கூடாது. அப்படி வச்சுக்கிருவோம். பங்களாவுல வேல பாக்குற ஆளு பங்களாவுலயே இருக்கட்டும். லைன் ஆளு லைனுலயே இருக்கட்டும். நடுவுல வேப்பிலையக் கட்டுவோம்.”

எல்லோருக்கும் அது சட்டென்று புரிந்தது. அரசாங்கம் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம், காப்பு என்றதும் ஏறிவிட்டது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் நம் ஊரில் எவனும் உள்ளே நுழைய மாட்டான் இல்லையா. ஒரே சிக்கல், அந்தக் குளிரில் வேம்பு வளராது. மார்க்கையன்கோட்டையில் ஒரு வயக்காட்டு மரத்திலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். விடுதிக்கும் லைனுக்கும் நடுவே தேயிலைச் செடிகளுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் கயிற்றைக் கட்டி, அதில் வேப்பங்கொத்துகளைத் தொங்கவிட்டார்கள்.

ஆனால் சமையல்காரியும் அவள் புருஷனும் விடுதியில் தங்கிவிட்டால், நிறைமாதப் பிள்ளையிடம் யார் இருப்பது? அம்மா இல்லாத வீட்டுக்கு அம்மா வீடு என்று எப்படிப் பெயர் வைப்பது? எல்லோரும் யோசித்தார்கள். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது.

“நான் போறேன்.”

என் வீட்டுக்காரர் திகைத்துப் போனார். “நீயா?” என்றார். அந்த “நீயா”வில் எங்கள் முப்பது வருஷக் குடித்தனமே இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். விருந்தாளிகளைச் சிரித்த முகத்தோடு வரவேற்கிற வேலையிலிருந்து தப்பித்தேன் என்கிற சந்தோஷமும் அதில் இருந்தது. மறைப்பானேன்.

லைன் வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்தப் பெண் கட்டிலில், நான் தரையில் கம்பளி விரித்து. அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். முதல் நாள் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, “நல்லாருக்கு பெரியம்மா” என்றாள். அவ்வளவு பெரிய பொய்யை வயிற்றுப் பிள்ளைக்காரி சொல்லக் கூடாது என்று திட்டினேன். விடுதியில் ஆக்கியது எதுவும் கயிற்றைத் தாண்டி வரக்கூடாது என்பது காப்பு. ஆகவே என் சமையல்தான்.

மலையில் செல்போன் சிக்னல் காற்றடிக்கிற பக்கம் போகும். அதனால் அவள் அம்மா தினமும் காலையில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கத்துவாள்.

“அக்கா! பூண்ட நெறையாப் போடுங்க! பிள்ளத்தாச்சிக்குக் காரத்தக் கொறைங்க!”

“எனக்குத் தெரியாதாடி? நானும் ரெண்டு பெத்தவதான்!” என்று நான் இங்கிருந்து கத்துவேன்.

“ஒங்களுக்கு ஒங்க ஆத்தா ஆக்கிப் போட்டாகக்கா! நீங்களா ஆக்குனீக?”

அது உண்மைதான். மகள் வாசலுக்கு வந்து நிற்பாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பனி இறங்கி இரண்டு பேரையும் மறைத்த பிறகும் அம்மா அங்கேதான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அந்தக் காலை நேரத்தில் மட்டும் அது ஒரு குறையாகத் தெரியும்.

விடுதியில் என்ன நடக்கிறது என்பதை நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி அந்தக் குளிரில் வேலை செய்யவில்லை. யார் நெற்றியில் வைத்தாலும், உடம்பில் சூடே போதாது என்று காட்டியதாம். அந்தக் கணக்கில் வந்தவர்கள் எல்லோரும் செத்து ரொம்ப நேரமாகியிருந்தது. பிறகு வந்தவர்களை அடுப்படிப் பக்கம் உட்கார வைத்து, சூடேற்றி, அப்புறம் பார்த்தார்கள். சாப்பாடு முற்றத்தில். ஒரு குடும்பம் போன பிறகு அறையைத் திறந்து போட்டுக் காற்றாட விட்டுத்தான் அடுத்த குடும்பம். என் வீட்டுக்காரர் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்து உபசரித்தாராம். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அப்புறம்தான் அந்த மதுரை அம்மாள் வந்தார். தங்கமான மனுஷி. அதுதான் வினை. சமையல்காரி பெருமையில் தன் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாயும் வயிறுமாக ஒரு பெண் பக்கத்திலேயே இருக்கும்போது நாம் மட்டும் தின்றுவிட்டுப் போவதா என்று ஆரம்பித்திருக்கிறார். கட்டுச்சோறு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அவளையே ஆக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் புளியோதரை, தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். காப்பைக் கட்ட வைத்ததே அவள் பயம்தான். ஆனால் தன் கைச்சோறு மகள் வாய்க்குப் போகிற ஆசையில் அந்தப் பயத்தை மறந்துபோனாள். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மதுரை அம்மாள் தூக்குச் சட்டியும் மல்லிகைப் பூவும் வளையலுமாகப் பாதையில் வந்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். லைனில் ஒருத்தராவது தடுத்திருக்க வேண்டுமே! பூவோடு வருகிற சுமங்கலியை எப்படித் தடுப்பது? கயிறு கட்டச் சொன்ன அதே கங்காணி, “வாங்கம்மா, வாங்க” என்று தன் வீட்டு நாற்காலியை எடுத்துப் போட்டார். டீ வேறு. முகக்கவசத்தை நாடியில் இறக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று சுகதுக்கம் விசாரித்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டேன்.

“அம்மா, புள்ளைய ஒரு பார்வை பாத்துப் பூ வச்சுட்டுப் போயிருறேன்” என்றார் அவர் வெளியே நின்று.

“பாக்க வேண்டாம். போயிருங்க.”

“நான் நோய் இல்லன்னு சர்ட்டிபிகேட்டோட வந்துருக்கேம்மா.”

“சர்ட்டிபிகேட்டுக்கு நீங்களே பூ வச்சுக்கங்க. இந்தக் கதவு தெறக்காது.”

கங்காணி குறுக்கே வந்து, வீடு தேடி வந்தவர்களை இப்படிப் பேசலாமா என்றார். அவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்த அம்மாள் முகம் சுண்டிப்போய் தூக்குச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு குச்சியால் அதைத் தள்ளி ஓரமாக வைத்தேன். பின்னால் திரும்பினால், அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

“எங்கம்மா ஆக்குனது பெரியம்மா. வாசம் இங்க வரைக்கும் வருது. ஒரு வாய் தின்னா செத்தா போயிருவேன்?”

புளியோதரையை அப்படியே குழி தோண்டிப் புதைத்தேன். அன்றைக்கும் மறுநாளும் அவள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த கஞ்சியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். லைனில் எல்லோரும் என்னை ராட்சசி மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு அது பழக்கம்தான் என்றாலும், அந்தப் பெண் பேசாமல் இருந்தது தாங்க முடியவில்லை. ஒரு வேளை நான்தான் மிஞ்சிப் போய்விட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் என் வீட்டுக்காரர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கத்தினார். மதுரைக்குப் போன அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். சோதனையில் நோய் இருப்பது தெரிந்துவிட்டது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக எங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார். “அந்தம்மா கதவத் தெறக்கலைல்ல? தெறக்கலைல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். நல்ல மனுஷி என்று சொன்னேன் அல்லவா. பிறகு அவர் நன்றாகி எழுந்துவிட்டார்.

விடுதியை அன்றே மூடினார்கள். என் வீட்டுக்காரரும் சமையல்காரியும் அவள் புருஷனும் உள்ளேயே அடைபட்டார்கள். கங்காணி யாரும் சொல்லாமலே கம்பளியை எடுத்துக்கொண்டு பழைய மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பாடு கொண்டு போனவர்களிடம், “கிட்ட வராதீகடா, நாறப் பயலுவளா” என்று அதட்டினாராம். அந்த அதட்டலைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. சுகாதார ஆட்கள் மேலே வந்து அவர்களுக்கெல்லாம் சோதனை எடுத்துப் போனார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார்.

கதவுக்குள் அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் தலையைச் சாய்த்தாள். சாயங்காலம் நான் அடிப்பிடிக்க விட்ட ரசத்தை இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிரசவத் தேதிக்கு முன்னாலேயே அவளைக் கீழே இறக்கி எங்கள் சின்னமனூர் வீட்டில் வைத்துக்கொள்வதாகத்தான் திட்டம். பிள்ளை எங்கள் திட்டத்தைக் கேட்கவில்லை. ஒரு மழை நாளில், மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே வலி கண்டது. எஸ்டேட் ஆம்புலன்ஸ் லைன் முகப்பு வரைக்கும் வந்தது. அட்டை கடிக்கக் கடிக்க அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுபோய் ஏற்றினேன். அவள் அம்மா கயிற்றை ஒட்டி நின்றாள். தொட வேண்டும் என்று கைகள் முன்னால் வந்தன. அவளே அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, ஒங்கள நம்பித்தான்” என்றாள்.

வளைவுக்கு வளைவு அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். டிரைவரை மெதுவாகப் போ என்றும் சீக்கிரம் போ என்றும் ஒரே மூச்சில் திட்டினேன். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. “நீங்க யாரு, அம்மாவா?” என்று நர்ஸ் கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண், வலிக்கு நடுவே, “ஆமா” என்றாள். என் வாய் அடைத்துப்போன சந்தர்ப்பங்கள் குறைவு, அது ஒன்று.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. “சத்தம் ஜாஸ்தி” என்று நர்ஸ் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட வந்ததில்லை. அப்போதெல்லாம் வலியில் கிடந்தேன், சந்தோஷப்பட நேரம் ஏது?

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் சின்னமனூர் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். மருமகன் திருப்பூரிலிருந்து வந்து வாசலில் நின்றே பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார். மேலே எல்லோருடைய தனிமையும் முடிந்தது என்று செய்தி வந்த பிறகுதான் மலையேறினோம். லைன் வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். கொட்டகையிலிருந்து வெளியே வந்திருந்த கங்காணி, தூரத்தில் நின்று கும்பிட்டார். பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, தாயைப் பக்கத்தில் படுக்க வைத்து நான் நிமிர்ந்தபோது, வாசலில் அவள் அம்மா நின்றாள். தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும் கூந்தலோடு, துவைத்த சேலையில். உள்ளே வரவில்லை.

“அக்கா, உள்ள வரலாமா?”

அது அவள் வீடு. அவள் கல்யாணமாகி வந்து புகுந்த வீடு. அதற்குள் வர என்னிடம் கேட்டாள்.

“ஏன்டி, ஒன் வீட்டுக்கு வர என்கிட்டயா கேக்குற? கூறு கெட்டவளே, வாடி உள்ள” என்று திட்டினேன். திட்டும்போதே அழுதுவிட்டேன்.

வந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் முத்தம் கொடுக்கவில்லை. குனிந்து, பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

“என்னடி?”

“எனக்கு வந்துச்சுக்கா” என்றாள் தலை நிமிராமல். “அந்த அம்மா போன நாலாம் நாளு, ஏலக்காய இடிச்சா வாசமே இல்ல. பச்ச மண்ணாட்டம் இருந்துச்சு. பாசிட்டிவுன்னு வந்துச்சு. சார்கிட்ட நான்தான் சொல்ல வேண்டாம்னேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா புள்ளைக்குத் தெரிஞ்சுரும், அவ பயந்துருவான்னு. அப்பறம் சொகமாயிருச்சு, டாக்டரும் பாத்துட்டாக. வாசம் மட்டும் திரும்பவே இல்லக்கா. காப்பி, பூண்டு, சாம்பிராணி, எதுவும் தெரியல.”

கட்டிலில் இருந்த மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரரைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அதெல்லாம் அப்புறம் என்று விட்டுவிட்டேன். கயிறு மட்டும் கட்டாமல் இருந்திருந்தால், தினமும் பொழுது சாய அவள் இந்த அறைக்குத்தான் வந்திருப்பாள்.

அவள் மறுபடியும் குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

“பால் வாசம் வருதுக்கா” என்றாள்.